மிகைவெப்பத்தை அளப்பதும் அதன் பொருளை அறிவதும்: வன்னியில் குளிரூட்டல் தொழில் செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

“குளிர் காணாது” என்று கடைக்காரர் சொன்னதும், சக்ஷன் பக்கத்தில் (கொம்பிரசருக்குள் காஸ் திரும்பி வரும் தாழ் அமுக்கப் பக்கத்தில்) கேஜைப் பூட்டி, முள் 60க்குக் கீழே நின்றால் காஸ் குறைவு என்று தீர்மானித்து, 70 வரும்வரை காஸ் ஏற்றிவிட்டுக் கிளம்புவது வவுனியாவிலிருந்து பரந்தன்வரை பலருக்கும் பழகிப்போன வேலைமுறை. இந்த முறை சில வேளைகளில் சரியாக அமைந்துவிடுவதுதான் அதிலுள்ள ஆபத்து. ஆர்-22 காஸில் ஓடும் இரண்டு ஏசிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் சக்ஷன் அமுக்கம் 55 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்). முதலாவதில் சக்ஷன் குழாயின் வெப்பநிலை 20 பாகை. இரண்டாவதில் 1 பாகை. முதலாவதில் உட்கொயிலுக்கு, அதாவது அறையின் வெப்பத்தை உறிஞ்சும் குழாய்ச் சுருளுக்கு, போதிய திரவம் வந்து சேரவில்லை. இரண்டாவதில் காஸ் அளவாகவே இருக்கிறது. காற்று பில்டரில் தூசி அடைத்துவிட்டதால் கொயிலுக்குக் கிடைக்க வேண்டிய வெப்பம் கிடைக்காமல் அமுக்கம் இறங்கியிருக்கிறது. இந்த இரண்டாவது இயந்திரத்துக்குக் காஸ் ஏற்றினால், ஆவியாகாத திரவம் நேரே கொம்பிரசருக்குள் போகும். கேஜின் முள் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். பட்டறைகளில் சூப்பர்ஹீட் என்று சொல்லப்படும் மிகைவெப்பமே இவை இரண்டையும் பிரித்துக் காட்டும்.

இவ்வழிகாட்டியில் வெப்பநிலைகள் யாவும் செல்சியஸ் பாகையிலும், அமுக்கங்கள் யாவும் கேஜ் காட்டும் பி.எஸ்.ஐ. அளவிலும் தரப்பட்டுள்ளன.

மிகைவெப்பம் எதை அளக்கிறது

திறந்த பானையில் கொதிக்கும் தண்ணீர், அடுப்பில் எவ்வளவு விறகு வைத்தாலும் 100 பாகைக்கு மேல் ஏறாது. ஏறும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது, அதுவே மறைவெப்பம். கடைசித் துளியும் ஆவியாகி முடிந்தபின் அந்த ஆவியை மேலும் சூடாக்கினால்தான் அதன் வெப்பநிலை 100ஐத் தாண்டும். 110 பாகையில் இருக்கும் நீராவிக்கு 10 பாகை மிகைவெப்பம் உண்டு.

உட்கொயிலுக்குள் நடப்பதும் இதுவே. குளிரூட்டற் பொருள் அங்கே கொதிக்கிறது. அது எத்தனை பாகையில் கொதிக்கும் என்பதை அமுக்கம் தீர்மானிக்கிறது. ஆர்-22 ஏறக்குறைய 57.5 பி.எஸ்.ஐ. அமுக்கத்தில் 0 பாகையிலும், 68.5 பி.எஸ்.ஐ. அமுக்கத்தில் 4.4 பாகையிலும் கொதிக்கும். அதே 4.4 பாகைக்கு ஆர்-410ஏ வேண்டுவது 118 பி.எஸ்.ஐ.; ஆர்-32 வேண்டுவது ஏறக்குறைய 121. ஆர்-134ஏ 0 பாகையில் கொதிக்க 28 பி.எஸ்.ஐ. போதும். ஆகவே சக்ஷன் அமுக்கத்தை வாசிப்பவர் உண்மையில் கொயிலுக்குள் திரவம் கொதிக்கும் வெப்பநிலையையே வாசிக்கிறார். கொயிலை விட்டு வெளியேறும் குழாயின் வெப்பநிலையிலிருந்து இந்தக் கொதிநிலையைக் கழித்தால் வரும் எண்ணே மிகைவெப்பம்.

இந்த எண்ணின் பயன், கடைசித் துளித் திரவம் கொயிலின் எந்த இடத்தில் ஆவியாகி முடிகிறது என்பதை வெளியிலிருந்தே சொல்லிவிடுவதில் இருக்கிறது. மிகைவெப்பம் சிறிதாக இருந்தால் திரவம் கொயிலின் கடைசி வளைவுவரை போயிருக்கிறது. பெரிதாக இருந்தால் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. பூச்சியமாக இருந்தால் தீரவே இல்லை, கொயிலைத் தாண்டித் திரவமும் சேர்ந்து வருகிறது. இது ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கு விளக்கும். ஒரு கிலோகிராம் ஆர்-22, 0 பாகையில் கொதித்து ஆவியாகும்போது ஏறக்குறைய 205 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதே ஆவி பின்னர் 6 பாகை சூடேறும்போது உறிஞ்சுவது 4 முதல் 5 கிலோயூல் மட்டுமே. அறையைக் குளிர்விப்பது கொதித்தல்தான். ஆவி மட்டும் ஓடும் கொயிற்பகுதி கிட்டத்தட்ட வெறுமனே இருக்கும் பகுதி. மிகைவெப்பம் 20 பாகை என்றால் கொயிலின் பெரும்பகுதி சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் இருக்கிறது.

மறுபக்கத்தில், கொம்பிரசர் ஆவியை அமுக்கவே செய்யப்பட்டது, திரவம் அமுங்காது. திரவம் தொடர்ந்து உள்ளே வந்தால் முதலில் எண்ணெயைக் கரைத்துத் தாங்கிகளைக் கழுவிவிடும். அதிகமாக வந்தால் வால்வுத் தகடுகள் உடையும். மிகைவெப்பம் மிகுந்தாலும் கொம்பிரசருக்கு நன்மை இல்லை. மூடிய கொம்பிரசர்கள் பலவற்றின் மோட்டர் திரும்பி வரும் குளிர்ந்த ஆவியினாலேயே ஆறுகிறது. அந்த ஆவி குறைவாகவும் சூடாகவும் வந்தால் வெளியேற்றக் குழாய் கொதித்து, எண்ணெய் கருகத் தொடங்கும். கொம்பிரசரிலிருந்து 15 சென்றிமீற்றர் தூரத்தில் வெளியேற்றக் குழாயின் மேற்பரப்பு 107 பாகையைத் தாண்டக்கூடாது என்பது துறையில் நீண்டகாலமாக உள்ள எல்லை. ஆகவே நாம் தேடுவது, கொயில் முழுவதும் வேலை செய்ய, திரவம் மட்டும் வெளியே வராமல் இருக்கும் ஓர் இடைநிலை.

அளக்கும் முன் செய்ய வேண்டியவை

காற்றோட்டம் சரியில்லாத இயந்திரத்தில் மிகைவெப்பத்தை அளப்பது வீண்வேலை. வன்னியில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வைகாசி முதல் ஆவணிவரை சோளகம் வீசும் மாதங்களில், செம்மண் தூசி வெளிக்கொயிலின் தகடுகளுக்கிடையே அப்பிக்கொள்கிறது. காலபோக அறுவடை நேரத்தில் வயலோரக் கடைகளிலும் அரிசி ஆலைகளிலும் பதரும் உமித்தூசியும் அதே வேலையைச் செய்கின்றன. முல்லைத்தீவு, கொக்கிளாய் போன்ற கடலோர இடங்களில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளையே அரித்துவிடுவதால், கழுவினாலும் கொயில் பழைய திறனுக்கு வராத நிலையும் உண்டு. எனவே முதலில் உட்பக்கப் பில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். உட்கொயிலையும் விசிறிச் சில்லையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வெளிக்கொயிலைத் தண்ணீரால், தகடு மடியாத அளவு வேகத்தில் கழுவுங்கள். இத்துடனேயே “குளிர் காணாது” என்ற முறைப்பாடு தீர்ந்துவிடும் இயந்திரங்கள் குறைவல்ல.

மின்னழுத்தத்தையும் பாருங்கள். மின்மாற்றியிலிருந்து தொலைவிலுள்ள ஊர்களில், எல்லா வீட்டிலும் விளக்கெரியும் மாலை நேரத்தில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதைவிட நன்றாகக் குறைந்திருக்கலாம். கொம்பிரசர் தடுமாறி நின்று நின்று ஓடும் வேளையில் எடுக்கும் எந்த அளவும் நம்பத்தக்கதன்று. இயலுமானால் பகலில் அளவெடுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் இயந்திரமாயின் வோல்ட் நிலையாக நிற்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் காஸுக்குரிய மனிபோல்ட் கேஜ், குழாயைக் கவ்விப் பிடிக்கும் உணரியுள்ள வெப்பநிலைமானி, காற்றின் வெப்பநிலையை அளக்க இன்னொரு வெப்பநிலைமானி, அமுக்கத்தையும் கொதிநிலையையும் ஒப்பிடும் அட்டவணை, ஒரு துண்டு இன்சுலேஷன், கண்ணாடி, கையுறை. தூரத்திலிருந்து ஒளிக்கற்றை காட்டி அளக்கும் துப்பாக்கி வடிவ வெப்பநிலைமானியை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். பளபளக்கும் செப்புக் குழாய் சுற்றியுள்ள பொருட்களின் வெப்பக்கதிர்களையும் திருப்பி அனுப்புவதால் அது பிழையான எண்ணைத் தரும். பொதுவாக அந்தக் கருவி மேல் மெக்கானிக்மார் வைத்திருக்கும் நம்பிக்கை அதன் தகுதிக்கு மிஞ்சியது.

ஓர் எச்சரிக்கை. ஆர்-600ஏ நிரப்பிய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு இங்கே சொல்லும் முறை பொருந்தாது. அந்தக் காஸ் எளிதில் தீப்பற்றும். நிறைச்சல், அதாவது உள்ளே நிரப்பியுள்ள காஸ், சில பத்துக் கிராம்களே என்பதால் கேஜ் குழாய்க்குள் போகும் அளவே நிறைச்சலைக் கெடுத்துவிடும். அதன் சக்ஷன் பக்கம் பெரும்பாலும் வளிமண்டல அமுக்கத்துக்குக் கீழே ஓடுவதால் சிறு கசிவும் காற்றை உள்ளே இழுக்கும். அவற்றில் முழுவதையும் வெளியேற்றி, வெற்றிடமாக்கி, தராசில் நிறுத்து நிரப்புவதே முறை. ஆர்-32 மெதுவாக எரியும் வகையைச் சேர்ந்தது. மூடிய அறையில் அதனோடு வேலை செய்யும்போது கதவு யன்னல்களைத் திறந்துவையுங்கள், அருகில் சுடர் இருக்க விடாதீர்கள்.

முதற்படி: இயந்திரத்தை நிலைக்குக் கொண்டுவருதல்

வெப்பநிலைக் கட்டுப்பாட்டை மிகக் கீழே வைத்து, விசிறியை உயர் வேகத்தில் விட்டு, குறைந்தது 15 நிமிடங்கள் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். அறை கொதித்துக்கொண்டிருந்தால் இன்னும் பொறுங்கள். நண்பகலில் திறந்த கடையில், 36 பாகைக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும் ஏசியின் மிகைவெப்பம் காஸ் சரியாக இருந்தாலும் உயர்ந்தே இருக்கும். கொயிலுக்கு வரும் வெப்பம் மிகையாக இருப்பதால் திரவம் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது.

இரண்டாம் படி: அமுக்கத்தை எடுத்துக் கொதிநிலையை அறிதல்

கேஜைப் பூட்டுமுன் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். குழாயிலுள்ள காற்றைக் காஸால் மெல்லத் தள்ளி வெளியேற்றிவிட்டு இறுக்குங்கள். முள் ஆடாமல் நிற்கும்போது வாசித்து, அட்டவணையில் அந்தக் காஸின் நிரலில் கொதிநிலையைப் பாருங்கள். கேஜின் முகப்பிலேயே சில காஸ்களின் வெப்பநிலை வளையம் இருக்கும். அதில் உங்கள் காஸ் இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். ஆர்-22 வளையத்தைப் பார்த்து ஆர்-410ஏ இயந்திரத்தைக் கணக்கிட்டால் வருவது அர்த்தமற்ற எண்.

கேஜ் வளிமண்டலத்தை ஒப்பிட்டே அளக்கிறது. வன்னி நிலம் கடல் மட்டத்தை ஒட்டியிருப்பதால் அட்டவணையை அப்படியே பயன்படுத்தலாம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வேலைக்குப் போனால் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கலவைக் காஸ்களில் ஒரு நுட்பம் உண்டு. ஆர்-407சி போன்றவை ஒரே வெப்பநிலையில் கொதித்து முடிவதில்லை. கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கும் முடிக்கும் வெப்பநிலைக்கும் இடையே 5 பாகை அளவில் இடைவெளி இருக்கும். அட்டவணையில் இரண்டு நிரல்கள் இருந்தால், மிகைவெப்பத்துக்குக் கொதித்து முடியும் நிரலை, அதாவது ஆவிப்பக்கத்து எண்ணை எடுக்க வேண்டும். மற்ற நிரலை எடுத்தால் இல்லாத 5 பாகை இருப்பதாகத் தோன்றும். ஆர்-410ஏயில் இந்த இடைவெளி பொருட்படுத்தத்தக்கதன்று. ஆர்-404ஏயில் ஒரு பாகைக்கும் குறைவு.

மூன்றாம் படி: குழாயின் வெப்பநிலையை எடுத்தல்

பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நுழைகின்றன. உணரி பொருந்தும் இடத்திலுள்ள பெயின்ற், பச்சைக் களிம்பு, எண்ணெய் எல்லாவற்றையும் உரசித் துடைத்துச் செப்பு தெரியச் செய்யுங்கள். உணரியை நேரான குழாயில், இணைப்புகளுக்கும் வளைவுகளுக்கும் சற்றுத் தள்ளிக் கவ்வவிடுங்கள். அதன் மேல் இன்சுலேஷனைச் சுற்றிக் கட்டுங்கள். வெயிலில் நிற்கும் வெளிப்பெட்டியில் இதைச் செய்யாவிட்டால், உணரி குழாயின் வெப்பநிலையோடு வெயிலையும் சேர்த்தே வாசிக்கும். ஸ்பிளிட் ஏசியில் கேஜ் வெளிப்பெட்டியின் சேவை வால்வில் பூட்டப்படுவதால் உணரியையும் அதற்கு அருகிலேயே வைக்க வேண்டும். அமுக்கத்தை ஓரிடத்திலும் வெப்பநிலையை வெகுதொலைவில் வேறோரிடத்திலும் எடுத்தால், இடையிலுள்ள குழாய் வெளியிலிருந்து வாங்கும் வெப்பமும் கணக்கில் நுழைந்துவிடும்.

எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கழித்தல்

ஆர்-22, சக்ஷன் 68.5 பி.எஸ்.ஐ., கொதிநிலை 4.4, குழாய் 16 பாகை. மிகைவெப்பம் 11.6 பாகை. இவ்வளவுதான் கணக்கு.

பரனைற்று அட்டவணையோடு வேலை செய்பவர்களுக்கு ஒன்று: இது இரண்டு வெப்பநிலைகளின் வித்தியாசம் என்பதால் செல்சியஸுக்கு மாற்றும்போது 32ஐக் கழிக்கக் கூடாது, 1.8ஆல் பிரித்தால் போதும். 10 பாகை பரனைற்று வித்தியாசம் என்பது 5.6 பாகை செல்சியஸ்.

ஐந்தாம் படி: எவ்வளவு இருக்க வேண்டும் என்று அறிதல்

வந்த எண் சரியா என்பதைச் சொல்ல, திரவத்தை உட்கொயிலுக்குள் விடும் கருவி எது என்பதை முதலில் அறிய வேண்டும். எக்ஸ்பான்சன் வால்வு உள்ள இயந்திரத்தில், சக்ஷன் குழாயில் கட்டப்பட்ட அதன் குமிழ் மிகைவெப்பத்தை உணர்ந்து திரவத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஆகவே கொயிலின் வாயிலில் பொதுவாக 5 முதல் 8 பாகைக்குள் ஏறக்குறைய ஒரே எண்ணை அது பிடித்து வைத்திருக்கும். திரவத்தை மெல்லிய கப்பிலரிக் குழாய் வழியாக விடும் இயந்திரத்துக்கு அந்த அறிவு இல்லை. வெயிலானாலும் மழையானாலும் அதே துளைதான். எனவே சரியாக நிரப்பிய இயந்திரத்திலும் மிகைவெப்பம் நாளுக்கு நாள் மாறும்.

அந்த நாளுக்குரிய இலக்கைக் காண இரண்டு அளவுகள் வேண்டும்: உட்பெட்டிக்குள் திரும்பிப் போகும் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை, வெளிக்கொயிலுக்குள் போகும் காற்றின் சாதாரண வெப்பநிலை. ஈரக்குமிழுக்குத் தனிக் கருவி இல்லாவிட்டால், வெப்பநிலைமானியின் உணரியில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, உட்பெட்டி காற்றை இழுக்கும் இடத்தில் பிடித்து, எண் இறங்கி நிற்கும்வரை பொறுத்தால் போதும். பிறகு, ஈரக்குமிழ் வெப்பநிலையை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து வெளி வெப்பநிலையைக் கழித்து, மேலும் 9ஐக் கழித்து, வருவதை இரண்டால் பிரிக்க வேண்டும். பரனைற்றில் வழங்கும் சூத்திரத்தின் செல்சியஸ் வடிவம் இது. உற்பத்தியாளர் இயந்திரத்தில் ஒட்டிய அட்டவணை இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

வன்னியின் இரண்டு பருவங்களில் இதைப் போட்டுப் பார்ப்போம். மாரியில், வாடைக்காற்றோடு மழை பெய்யும் கார்த்திகை நாளொன்றில் வெளியே 27 பாகை, உள்ளே ஈரக்குமிழ் 22 என்றால், 66இலிருந்து 27ஐயும் 9ஐயும் கழித்து, மிஞ்சும் 30ஐ இரண்டால் பிரிக்க இலக்கு 15 பாகை. சோளகத்தில் வெளியே 36, உள்ளே ஈரக்குமிழ் 20 என்றால் இலக்கு 7.5 பாகை. ஒரே இயந்திரம், ஒரே அளவு காஸ். ஒரு பருவத்தில் 15 சரி, மறு பருவத்தில் 7.5 சரி. மழைநாளில் 15ஐக் கண்டு காஸ் குறைவு என்று ஏற்றி 7க்குக் கொண்டுவந்தவர் அன்று நல்ல குளிர் வந்ததாகவே நினைப்பார். சோளகம் தொடங்கியதும் அந்த மிகுதிக் காஸ் கொம்பிரசரைத் தேடிப் போகும். சோளகத்தில் கொம்பிரசர் எரிந்தால் வெயிலையும் மின்சாரத்தையும் குற்றம் சொல்வது நம்மிடையே வழக்கம். அவற்றில் சிலவற்றுக்காவது காரணம் முந்திய மாரியில் ஏற்றிய காஸாக இருக்கும் என்பது என் கணிப்பு.

கணக்கில் வரும் இலக்கு 3 பாகைக்குக் கீழே இருந்தால் அன்று மிகைவெப்பத்தை வைத்துக் காஸ் ஏற்ற வேண்டாம். அறை ஈரமாகும் வேறொரு நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள், அல்லது நிறுத்து நிரப்புங்கள்.

ஆறாம் படி: எண்ணுக்குக் காரணம் தேடுதல்

மிகைவெப்பம் இலக்கைவிட நன்றாகக் கூடியிருந்தால் உட்கொயில் திரவத்துக்கு ஏங்குகிறது என்பது மட்டுமே உறுதி. ஏன் ஏங்குகிறது என்பதற்கு இன்னோர் அளவு வேண்டும். உயர் அமுக்கப் பக்கத்துக் கேஜில் கொதிநிலையைப் பார்த்து, அதிலிருந்து திரவக் குழாயின் வெப்பநிலையைக் கழித்தால் கிடைப்பது சப்கூலிங். ஆர்-22இல் 250 பி.எஸ்.ஐ. என்றால் ஏறக்குறைய 47 பாகை. திரவக் குழாய் 41 என்றால் சப்கூலிங் 6. மிகைவெப்பம் கூடி, சப்கூலிங் பூச்சியத்தை ஒட்டி நின்றால், வெளிக்கொயிலில் திரவமே சேரவில்லை: காஸ் குறைவு. மிகைவெப்பம் கூடி, சப்கூலிங்கும் கூடியிருந்தால், திரவம் வெளிக்கொயிலில் தேங்கி நிற்கிறது, உள்ளே போக வழியில்லை: பில்டர் டிரையர் (திரவக் குழாயில் ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் உருளை) அடைப்பு, கப்பிலரி அடைப்பு, அல்லது திறவாத எக்ஸ்பான்சன் வால்வு. டிரையரின் இரு முனைகளையும் தொட்டுப் பார்த்தால், அடைப்புள்ளதில் திரவம் வெளியேறும் முனை உள்ளே போகும் முனையைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருக்கும். வெளிக்கொயில் பக்கம் சேவைத் துளை இல்லாத சிறிய ஸ்பிளிட்களில் இந்தச் சோதனையைச் செய்ய இயலாது என்பது உண்மை. அங்கே கசிவுத் தேடலும் நிறுத்து நிரப்புதலும்தான் வழி.

மிகைவெப்பம் குறைந்திருந்தால், காஸைக் கழற்றுமுன் காற்றோட்டத்தை மீண்டும் பாருங்கள். தூசி, பனி பிடித்த கொயில், மெதுவாகச் சுற்றும் விசிறி, கடைக்காரர் காற்று இழுக்கும் வாயின் முன் அடுக்கிவைத்த பெட்டிகள் ஆகிய நான்கும் சக்ஷன் அமுக்கத்தையும் மிகைவெப்பத்தையும் ஒன்றாகவே இறக்கும். காற்றோட்டம் குறைவில்லாமல் இருந்தும், சக்ஷன் அமுக்கம் உயர்ந்து, மிகைவெப்பம் இலக்குக்குக் கீழே நின்றால், கப்பிலரி இயந்திரத்தில் காஸ் அதிகம். எக்ஸ்பான்சன் வால்வு இயந்திரத்தில் குமிழ் கழன்றிருக்கலாம் அல்லது வால்வு மூடாமல் சிக்கியிருக்கலாம்.

தொடக்கத்தில் சொன்ன 55 பி.எஸ்.ஐ. இயந்திரங்களுக்கு இப்போது வருவோம். 55க்குக் கொதிநிலை ஏறக்குறைய −1 பாகை. முதலாவதின் மிகைவெப்பம் 21. இரண்டாவதின் மிகைவெப்பம் 2. முதலாவதில் சப்கூலிங்கை எடுத்துக் கசிவைத் தேடுங்கள். இரண்டாவதில் பில்டரைக் கழற்றிக் கழுவுங்கள்.

ஏழாம் படி: சரிசெய்தல்

காஸ் குறைவென்றால் அது எங்கேயோ போயிருக்கிறது. சோப்பு நுரையை முதலில் இணைப்பு நட்டுகளிலும் சேவை வால்வுகளிலும், பிறகு கொயிலின் வளைவுகளிலும் தடவிப் பாருங்கள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் ஏற்றிவிடுவது வாடிக்கையாளருக்கும் கேடு, வளிமண்டலத்துக்கும் கேடு. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி இலங்கை போன்ற நாடுகளிலும் ஆர்-22 பயன்பாடு 2030இல் ஏறக்குறைய முடிவுக்கு வர வேண்டியிருப்பதால், அந்தக் காஸை வீணாக்கும் காலம் கடந்துவிட்டது.

கப்பிலரி இயந்திரத்தில் காஸைச் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு முறையும் 10 அல்லது 15 நிமிடம் ஓடவிட்டு மிகைவெப்பத்தை மீண்டும் அளந்து, இலக்கை நெருங்குங்கள். ஆர்-22ஐ ஆவியாகவே விடலாம். ஆர்-404ஏ, ஆர்-407சி, ஆர்-410ஏ ஆகிய கலவைகளைச் சிலிண்டரிலிருந்து திரவமாக எடுக்க வேண்டும். ஆவியாக எடுத்தால் கலவையின் பங்கு மாறிவிடும். அத்திரவம் கொம்பிரசருக்குள் அப்படியே போகாமல், மனிபோல்டின் கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் திறந்து, வழியிலேயே ஆவியாகும் வேகத்தில் விடுங்கள்.

எக்ஸ்பான்சன் வால்வைத் திருகுவது கடைசி வேலையாக இருக்கட்டும். அதற்கு முன் குமிழைப் பாருங்கள். அது கிடையான, துடைத்த குழாயில், செப்புப் பட்டியால் இறுகக் கட்டப்பட்டு, இன்சுலேஷன் சுற்றப்பட்டிருக்க வேண்டும். சிறிய குழாயில் அதன் தலைமேலும், 22 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட குழாயில் கடிகாரத்தின் 4 அல்லது 8 மணி நிலையிலும் இருக்க வேண்டும். அடியில் எண்ணெய் ஓடுவதால் அங்கே கட்டக்கூடாது. இவை சரியாக இருந்தும் எண் பொருந்தாவிட்டால் மட்டும் திருகைக் கால் சுற்று திருப்புங்கள். பெரும்பாலான வால்வுகளில் வலஞ்சுழியாகத் திருப்பினால் மிகைவெப்பம் கூடும். திருப்பியபின் 15 முதல் 20 நிமிடம் பொறுக்காமல் மறுபடி திருப்பினால், வால்வுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மீன் குளிரறையிலும் பால் தொட்டியிலும்

குளிரறையில் மிகைவெப்பத்தை இரண்டு இடங்களில் எடுக்க வேண்டும். முல்லைத்தீவில் ஆர்-404ஏயில் ஓடும் ஒரு மீன் குளிரறையில் சக்ஷன் 47 பி.எஸ்.ஐ. என்றால் கொதிநிலை ஏறக்குறைய −10 பாகை. கொயிலின் வாயிலில் குழாய் −4 பாகை எனில் அங்கே மிகைவெப்பம் 6: வால்வு சரியாக வேலை செய்கிறது. வெளியிலுள்ள கொம்பிரசரின் வாயிலில் அதே குழாய் 4 பாகை எனில் அங்கே 14. முதல் எண் கொயிலைப் பற்றியது, இரண்டாவது கொம்பிரசரின் பாதுகாப்பைப் பற்றியது. குளிரறைக் கொம்பிரசர்களின் வாயிலில் பொதுவாக 11 பாகை அளவாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. கொயிலில் 6 இருந்து, கொம்பிரசரில் 30 என்று வந்தால், வால்வைத் தொடாதீர்கள். வெயிலில் ஓடும் சக்ஷன் குழாயின் இன்சுலேஷன் கிழிந்து போயிருக்கும். கடலோரத்தில் இதை அடிக்கடி காணலாம்.

அளக்கும் நேரமும் முக்கியம். காலையில் படகுகள் வந்து மீனை அடுக்கிய உடனேயோ, பனி உருக்கும் சுற்று முடிந்த கையோடேயோ அளந்தால் வால்வு முழுதாகத் திறந்தும் போதாமல் மிகைவெப்பம் உயர்ந்து நிற்கும். அறை அதன் குறித்த வெப்பநிலையை நெருங்கிய பிறகே எடுங்கள். பால் சேகரிப்பு நிலையத்தின் தொட்டியிலும் அவ்வாறே. கறந்த சூட்டோடு வந்த பால் 4 பாகையை நெருங்கும்போது எடுத்த எண்ணே பேசத்தக்கது.

எண் ஒரு நிலையில் நிற்காமல் 2க்கும் 14க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் சராசரியைப் பார்த்து ஆறுதல் கொள்ளாதீர்கள். கீழெல்லையில்தான் திரவம் வெளியேறுகிறது. குமிழின் தொடர்பு தளர்ந்திருக்கும், அல்லது அந்தக் கொயிலுக்கு வால்வு பெரிதாக இருக்கும்.

இன்வேர்டர் ஏசிகள்

இவற்றில் கொம்பிரசரின் வேகமும் பெரும்பாலும் மின்னணு வால்வின் திறப்பும் தாமாகவே மாறுவதால், மிகைவெப்பத்தைப் பார்த்துக் காஸ் ஏற்றக்கூடாது. காஸ் குறைந்தாலும் வால்வு அதிகம் திறந்து, எண்ணைச் சிறிது காலம் நல்லதாகவே காட்டி மறைத்துவிடும். பெயர்ப்பலகையில் எழுதிய கிராம் அளவுக்கும், குழாய் கூடுதலாக நீண்டால் மீற்றருக்கு இவ்வளவு என்று கையேடு சொல்லும் அளவுக்கும் தராசை வைத்து நிரப்புங்கள். மிகைவெப்பத்தை இங்கே பரிசோதனைக்கு மட்டும், கையேட்டில் உள்ள சோதனை ஓட்டத்தில் வைத்து அளக்கலாம்.

வேலை முடிந்ததும்

உள் ஈரக்குமிழ், வெளி வெப்பநிலை, சக்ஷன் அமுக்கம், குழாய் வெப்பநிலை, மிகைவெப்பம், அன்றைய இலக்கு, வோல்ட் ஆகியவற்றைத் திகதியோடு வெளிப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் அழியாத மையால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை வருபவர், அவர் நீங்களாகவே இருந்தாலும், அமுக்கத்தை ஒப்பிடாமல் இலக்குக்கும் எண்ணுக்கும் உள்ள இடைவெளியை ஒப்பிடலாம். மிகைவெப்பம் இலக்கை மிஞ்சும் இடைவெளி மாரியில் 1 பாகையாக இருந்து சோளகத்தில் 6 பாகையாக விரிந்திருந்தால் கசிவு தொடங்கியிருக்கலாம். கேஜைக் கழற்றியதும் சேவைத் துளையில் நுரை தடவிப் பார்த்து, உள்ளே ரப்பர் வளையமுள்ள மூடியைக் கையால் இறுக்கி, பின் சாவியால் சற்றே இறுக்குங்கள். மூடி இல்லாமல் விட்ட துளைகளே அடுத்த ஆண்டின் காஸ் குறைவுக்குப் பல இடங்களில் காரணமாகின்றன.